அன்கேனி அண்ணன்

ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஜப்பான்காரன் காலம் முழுவதையும் ஓட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலாக்காவில், காஜா பெராங்கில், எங்கள் பக்கத்து அறையில் குடியிருந்தார்.

குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஸ்காட்லாந்துத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். சண்டை வந்ததும் துரை கப்பலேறிவிட்டார். இவர் ஒரு தகரப்பெட்டியோடும், துரையின் வாயில் எப்போதும் புரண்ட ஒரு வார்த்தையோடும் டவுனுக்கு வந்து சேர்ந்தார். அந்த வார்த்தை 'அன்கேனி'. இனம்புரியாமல் மனசை என்னவோ செய்கிற விசித்திரத்துக்கு அப்படிச் சொல்வார்களாம். அண்ணனுக்கு அந்தக் காலத்தில் எல்லாமே அப்படித்தான் இருந்தது. மரவள்ளிக்கிழங்கு ரொட்டி அன்கேனி. அதைக் கடித்தால் ஆடிய பல்லும் அன்கேனி. நான் கல்யாணமாகி வந்த புதிது, என் குழம்பு கொதிக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அன்கேனி!" என்று குரல் வரும்.

"அண்ணே, இங்கிலீஷ் பேசினா அடிப்பாங்க" என்பார் என் கணவர்.

"ஒரு வார்த்தைதானே தம்பி. அதுக்கு எத்தனை அடி அடிச்சிடுவான்?"

அதைப் பார்க்கும் நாளும் வந்தது. ரேஷன் வரிசையில் அண்ணன் எனக்கு முன்னால் நின்றார். அளந்து போட்ட அரிசியில் பாதி சுண்ணாம்பு. ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தவர், பழக்கதோஷத்தில் முழங்கிவிட்டார்: "அன்கேனி!"

காவலுக்கு நின்ற சிப்பாய் இரண்டே எட்டில் வந்து சட்டையைப் பிடித்தான். கூடவே மொழிபெயர்க்கும் தமிழர். முன்பு இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர்.

"என்னய்யா சொன்ன? இங்கிலீஷா?"

அண்ணன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். சிப்பாய் கையை ஓங்கினான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "இல்லீங்கய்யா, தமிழுதான்! நான் முந்திக்கிட்டுப் போனேன். 'அங்கே நீ, இங்கே நான்'னு அதட்டுனாரு."

வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியாதா என்ன? தொண்டையைச் செருமிக்கொண்டு ஜப்பான் மொழியில் நீளமாக என்னவோ சொன்னார். சிப்பாய் கையை இறக்கி, வரிசையை ஒழுங்குபடுத்திய அண்ணனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். அதோடு விட்டானா? மறுவாரத்திலிருந்து கூட்டத்தை ஒதுக்க அவனே தொண்டை கிழியக் கத்தினான்: "அங்கேனி! அங்கேனி!"

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் அண்ணன் நன்றி சொல்வார் என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே வந்தார்.

"துரையோட வார்த்தையை ரெண்டா வெட்டிட்டியே! அவரு ஊர்ல 'கேனி'ன்னா விவரம் தெரிஞ்ச ஆளு. முன்னால 'அன்' போட்டா, நம்பி அண்டக்கூடாத ஆளு. பேய் பிசாசு சமாச்சாரத்துக்கு அப்புறந்தான் வந்துச்சாம். ரெண்டு கிளாஸ் உள்ளே போனா துரை இதையேதான் சொல்லுவாரு."

"அப்ப நான் யாருண்ணே?"

அரிசிப் பையை என் பக்கம் நீட்டினார். "நீ கேனிதாம்மா. இந்தப் பையைக் கொஞ்சம் பிடி. நம்பித்தான் குடுக்கறேன்."

சண்டை முடிந்து தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னையும் என் கணவரையும் பங்களாவுக்கு வரச் சொன்னார். துரை வெளியூர் போயிருந்தார். அண்ணன் எங்களைத் துரையின் மேசையிலேயே உட்காரவைத்து, வெள்ளைச் சோறும் கோழிக்குழம்பும் பரிமாறினார்.

"துரை வந்துட்டா?" என்று பாதி எழுந்தேன்.

"வரட்டும். நீ சாப்பிடு."

அவர் உட்காரவில்லை. போதும் போதும் என்று நான் தட்டைக் கையால் மறிக்க மறிக்க, விரல் இடுக்கு வழியாகவே சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தார்.