நோவாக் என்றொரு வருத்தம்

ஆங்கிலம் அறவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆளை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விடுவான். நான் கொண்டுபோனனான்.

அப்போது திருகோணமலைத் துறைமுகத்தடியில், திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் வழிகாட்டி. வெள்ளைக்காரரைத் தன் வான் வண்டியில் ஏற்றிவருபவர் தர்மலிங்கம் அண்ணை. அவருடைய மகள் வாசுகிக்கும் எனக்கும் விருப்பம். அவருக்குத்தான் விருப்பமில்லை. "வந்தான் வரத்தானுக்கெல்லாம் பெட்டையைக் குடுக்க ஏலாது" என்றுவிட்டார். (வரத்தான் என்றால் வெளியூரிலிருந்து வந்தவன். என் ஊர் கட்டைபறிச்சான். குடாவுக்கு அங்கால்பக்கம், அவ்வளவுதான்! ஏதோ நான் ஏழு கடல் தாண்டி வந்தவன் மாதிரி.) இங்கிலீசைக் காட்டி மனிசனை மடக்குவதென்று காத்திருந்தேன்.

ஒருநாள் அவருடைய வானிலிருந்து ஒரு போலந்துக்காரரும் மனைவியும் இறங்கினார்கள். வெயிலில் மனிசன் செக்கச்செவேலென்று இருந்தார். என்னைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்து, "நோவாக்" என்றார். மனைவியும் நெஞ்சைத் தொட்டு, "நோவாக்" என்றார்.

"ஐயோ அண்ணை, ரெண்டுபேருக்கும் நெஞ்சு நோவாக் கிடக்காம்! பாவங்கள், தமிழ் படிச்சுக்கொண்டு வந்திருக்கினம்."

"உனக்கு வடிவா விளங்கினதோ?"

"என்ர இங்கிலீசில சந்தேகமோ?" (அவர்கள் சொன்னது இங்கிலீசே இல்லை. அதை விடுங்கள்.)

வான் பறந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா வாய் திறக்குமுன்னே நான் முந்திக்கொண்டு, "வெயார் நோவாக்?" என்று போலந்துக்காரரிடம் கேட்டேன். மனிசன் உற்சாகமாகிக் கைகளை விரித்து இங்கிலீசில் நீளமாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"எல்லா இடமும் நோவாக்காம். ரோட்டில நோவாக், பள்ளிக்கூடத்தில நோவாக். தகப்பன், பாட்டன் எல்லாருக்கும் நோவாக்காம்."

"பரம்பரை வருத்தமோ!" என்று தர்மலிங்கம் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது.

டொக்டர் அவரிடம் பெயரைக் கேட்டார். "நோவாக்." மனைவியிடம் கேட்டார். "நோவாக்." டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அது இவையின்ர குடும்பப் பேர்."

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில், வாசுகி போச்சு என்று விளங்கியது. போலந்துக்காரர் மட்டும் விழுந்துவிழுந்து சிரித்தார். பிறகு பெயரின் கதையைச் சொன்னார். இந்தமுறை டொக்டரே மொழிபெயர்த்தார்.

"புதுசா ஒரு ஊருக்கு வந்து குடியேறின ஆளை அங்க அப்பிடித்தான் கூப்பிட்டவையாம். இப்ப போலந்தில ஆகக் கனபேருக்கு இந்தப் பேர்தானாம்."

"அப்ப வரத்தான் எண்டு சொல்லுங்கோ" என்றார் அண்ணை.

இனி இழக்க என்ன இருக்கிறது? "ஓம் அண்ணை. வரத்தானுக்குப் பெட்டை குடுக்காமலோ நாடு முழுக்க நிறைஞ்சுபோய் இருக்கினம்?" என்றேன்.

டொக்டர்தான் முதலில் சிரித்தார். அண்ணை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வானைத் துறைமுகத்துக்குத் திருப்பினார். அங்கே நான் இறங்கும்போது, "ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா. வாயைத் திறக்காமல் வா" என்றார்.

இப்போது அவர் என் மாமா. நான் வாசலில் கால் வைத்தால் போதும், நெஞ்சைப் பொத்திக்கொண்டு "நோவாக்!" என்று கத்துவார். போன மாதம் உண்மையாகவே நெஞ்சு நொந்து, "பிள்ளை, நோவாக்..." என்று தொடங்கியிருக்கிறார். வாசுகி குசினிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டாள். (நல்லகாலம், வெறும் வாயுக்குத்து!)