முப்பது நாள் ஜாடி

ஓர் இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாதவர்கள் செய்யக்கூடாத வேலைகள் சில உண்டு. தூண்டில் போடுவது, பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போவது, முடி வெட்டிக்கொள்வது. நான் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, தூசுப் படிவு ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்தேன். அதில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு ஜாடியை மொட்டை மாடியில் வைக்க வேண்டும். முப்பது நாள் சும்மா இருக்க வேண்டும். பிறகு ஜாடியை எடுத்து, அதில் விழுந்த தூசியை எடை போட வேண்டும். சும்மா இருந்தாலே முடிகிற ஒரு வேலையை ஒரு மனிதன் எப்படிக் கெடுக்க முடியும் என்று கேட்காதீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில், சுற்றுச்சூழல் தொழில்நுட்பத்தில் எம்.டெக். சேர்ந்தேன். வகுப்பில் ஆறு பேர். ஐந்து பேர் வேறு பிரிவு கிடைக்காமல் வந்தவர்கள். ஆறாவது ஆளான நான், விண்ணப்பத்தை அவசரமாக நிரப்பித் தவறான கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வந்தவன். (வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.)

அப்பா வரதராசன்பேட்டையில் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் அவருக்கு ஒரு சோதனை காத்திருக்கும்.

"பையன் என்னங்க வாத்தியாரே படிக்கிறான்?"

"சுற்றுச்சூழல் தொழில்நுட்பம்."

"அதப் படிச்சா என்ன வேலைங்க?"

"காத்து கெட்டுப் போயிருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்ற வேலை."

"அதுக்கு மூக்கு இருந்தாப் போதாதுங்களா?"

இதற்குப் பதில் இரண்டாம் வருடம் தானாக வந்தது. ஓர் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, ஜூன் மாதத்துக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயில் வாசலில் இதை அறிவித்துவிட்டார். ஆக, ஜூனுக்குள் நான் ஆய்வேட்டைக் கொடுத்தே ஆக வேண்டும்.

என் பேராசிரியர் சுந்தரேசன் அதிகம் பேசமாட்டார். சரி என்றாலும் "ம்", தப்பு என்றாலும் "ம்". அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைத் தூசியை அளக்கிறேன் என்று நான் சொன்னபோதும் "ம்" என்றார். நான் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து ஊர்களில் ஐந்து கண்ணாடி ஜாடிகள் வைத்தேன். இந்தக் கதைக்கு இரண்டு போதும். முதல் ஜாடி, அரியலூரை அடுத்து ஓர் ஆலையின் மதிலை ஒட்டியிருந்த தெருவில், பவுனாம்பாள் அக்கா வீட்டு மாடியில். அவர் கணவர் அந்த ஆலையிலேயே மூட்டை ஏற்றுபவர். தெருவில் மாடி வைத்த வீடு அது ஒன்றுதான். இரண்டாவது ஜாடி, தூசியே இல்லாத இடம் ஒன்று ஒப்பிடுவதற்கு வேண்டுமென்று, பெரம்பலூரைத் தாண்டி ரஞ்சன்குடியில் என் சொந்த அக்கா வீட்டு மாடியில். (அங்கே வைத்ததற்கு அறிவியல் காரணம், சுத்தமான காற்று. உண்மைக் காரணம், அக்கா வைக்கும் கோழிக் குழம்பு.)

ஐந்து ஜாடிகளையும் ஒரே நாளில் வைத்து முடித்தேன். எந்த ஊரிலும் நான் நின்றதாக எனக்கு நினைவில்லை. ஜாடிக்குள் தண்ணீர் ஊற்றி, பாசி பிடிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, தண்ணீர் நீலமாக மாறுவதற்குள் படி இறங்கிவிடுவேன். பவுனாம்பாள் அக்கா வீட்டில் பாதிப் படியில் இருக்கும்போதே தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"அக்கா, இது பெரிய காலேஜ் பாத்திரம். பத்திரமாப் பாத்துக்குங்க. மாசம் ஒரு தடவ வருவேன்."

"நீங்க போங்க தம்பி. எங்கண்ணு மாதிரி பாத்துக்குறேன்."

என் ஆராய்ச்சி மொத்தமும் அந்த இரண்டு வாக்கியங்களில் முடிந்துபோனது. அது தெரியாமல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மாதா மாதம் போவேன். மதிலை ஒட்டிய அந்தத் தெருவில் வேப்பமரம் சாம்பல் நிறத்தில் நிற்கும். ஆட்டின் முதுகில் விரலால் பெயர் எழுதலாம். ஆனால் மாடியில் என் ஜாடி மட்டும் நகைக்கடைக் கண்ணாடி போல மின்னும். முதல் மாதமே நீலத் தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. இதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். குறிப்பேட்டில், "நீரின் நிறம் வெளுத்துள்ளது. காரணம்: கடும் வெயில்" என்று எழுதினேன். அது மார்கழி மாதம்.

"பாத்திரம் எப்பிடித் தம்பி இருக்கு?" என்று பவுனாம்பாள் அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"அருமையா இருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு ஓடுவேன். அவர் முகத்தில் ஏன் அவ்வளவு பெருமை என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். அந்த ஒரு நிமிடம் என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

ரஞ்சன்குடியில் நிலைமை தலைகீழ். கோட்டைக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வானம் தவிர வேறொன்றும் இல்லாத அந்த மாடியில், ஜாடிக்குள் கூழ் மாதிரி ஏதோ கிடந்தது. வடிகட்டாமல் அப்படியே காய்ச்சி எடை போட்டேன். (வடிகட்ட வேண்டும் என்று விதி. வடிகட்டினால் அரை மணி ஆகும்.) நான்கு மாதக் கணக்கையும் போட்டுப் பார்த்தால், ஆலை மதிலடியில் தூசி ஏறக்குறைய இல்லை. ரஞ்சன்குடியில் மக்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்றே தெரியவில்லை.

புத்தியுள்ளவன் ஜாடியைச் சந்தேகப்படுவான். நான் காற்றைச் சந்தேகப்பட்டேன். ஒரே வாரத்தில் ஒரு கோட்பாடு தயார். அரியலூர்த் தூசி அரியலூரில் விழுவதே இல்லை. அது புகைக்கூண்டின் உயரத்துக்கு எழும்பி, கீழைக்காற்றில் ஏறிப் பெரம்பலூரைத் தொடாமல் தாண்டி, ரஞ்சன்குடிக் குன்றில் முட்டிக் கீழே கொட்டுகிறது. சிவப்புப் பென்சிலால் அம்புக்குறிகள் போட்டு ஒரு வரைபடமும் செய்தேன். அம்புகள் பெரம்பலூருக்கு மேலே வளைந்து போகும் அழகைப் பார்த்து நானே இரண்டு முறை எழுந்து நின்றேன்.

சுந்தரேசன் சார் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "ம்" வரவில்லை.

"சவரிமுத்து, நான் நேர்ல வந்து பாக்குறேன்."

பன்னாட்டு மாநாட்டுக்கு அழைத்துப் போகப் போகிறார் என்று நினைத்தேன்.

சித்திரை வெயிலில், ரயிலில் அரியலூர் வந்து இறங்கினோம். பவுனாம்பாள் அக்கா வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, பேராசிரியருக்கு நாற்காலி எடுத்து வைத்திருந்தார். சார் உட்காரவில்லை. நேராக மாடி ஏறினார். தூசி படிந்த தரையில் எங்கள் காலடித் தடம் பதிந்தது. நடுவில் ஜாடி மட்டும் வெயிலில் கண்ணைப் பறித்தது.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார் சார்.

"இருக்காதுங்களா சார்? தெனம் காலையில மொத வேலை இதானே. தேங்கா நாரும் சாம்பலும் போட்டுத் தேச்சு, ரெண்டு தரம் அலசி, நல்ல தண்ணி புடிச்சு வச்சிருவேன். தம்பி என்னமோ நீலத் தண்ணி ஊத்திட்டுப் போவும். காக்கா குருவி குடிச்சிட்டுச் செத்துகித்துப் போச்சுன்னா பாவம், அன்னிக்கே கொட்டிருவேன்."

எனக்குக் காதில் ரயில் ஓடியது.

"தெனமுமா கழுவுவீங்க?" என்றார் சார்.

"ஒரு நா தவறாது சார். சாயங்காலம் மூணு மணிக்குப் பொகை எறங்கும் பாருங்க, அப்ப மொறத்தப் போட்டு மூடிருவேன். அடங்குன பொறவுதான் தொறக்குறது. ஒரு பொட்டு வுழ வுட மாட்டேன்."

"அக்கா," என்றேன். "தூசி வுழணும்னுதாங்க்கா அத வச்சேன்."

பவுனாம்பாள் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தூசி வுழறதுக்குன்னு யாராச்சும் பாத்திரம் வைப்பாங்களா தம்பி? அதுக்குத்தான் எங்க வூடே இருக்கே."

சுந்தரேசன் சார் மதில் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இரண்டு வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. இந்த நான்கு மாதத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"மாடியக் கூட்டி அள்ளுவீங்கல்லம்மா, அதையெல்லாம் எங்க கொட்டுறீங்க?"

"கொல்லையில ஒரு பள்ளம் இருந்துச்சு சார். தெனம் ஒரு மொறம். ஐப்பசி மழையில அப்பிடியே இறுகிப்போச்சு. இப்ப அது மேலதான் துணி தொவைக்கிறேன்."

இறங்கிப் போய்ப் பார்த்தோம். கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்தில், என் கட்டில் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கல். மேலே ஈர வேட்டி ஒன்று கிடந்தது. பேராசிரியர் குனிந்து சாவிக்கொத்தால் தட்டினார். கல் கணீர் என்றது.

"சவரிமுத்து, தூசி ரஞ்சன்குடிக்குப் போகல. இங்கதான் இருக்கு."

நான் மாதா மாதம் அவசரத்தில் கொல்லை வழியாகக் குறுக்கே ஓடும்போது அந்தக் கல்லின் மேல் கால் வைத்துத்தான் தாண்டியிருக்கிறேன்.

ரஞ்சன்குடிக்குப் போக வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். வயிற்றுவலி என்றேன். பஸ் இருக்காது என்றேன். பஸ் வந்தது. பெரம்பலூர் வரை நான் இரண்டு முறை எழுந்து நின்று, மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தேன். கண்டக்டர், "எறங்கணும்னா சொல்லுங்க சார், நிறுத்துறேன்" என்றார். எனக்கும் ஆசைதான்.

அக்கா வாசலிலேயே மறித்தாள். "ஏன்டா, சாரக் கூட்டிட்டு வரேன்னு ஒரு கார்டு போடக் கூடாது? மாடியெல்லாம் எள்ளு கெடக்கு."

மாடியில் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், முறத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காற்றில் தூற்றிக்கொண்டிருந்தார். பதர் பறந்து நேராக என் ஜாடிக்குள் போனது. ஜாடி நின்ற முக்காலியில் அவர் துண்டு தொங்கியது.

"எத்தன நாளா மாமா இங்க தூத்துறீங்க?"

"தையில கம்பு, மாசியில மல்லி, இப்ப எள்ளு. நீதானடா காத்து நல்லா வர்ற எடம் இதுன்னு பாத்து அந்தக் குண்டாவ வச்ச? நல்ல எடம்டா. அதுக்கு முன்னால களத்துலதான் தூத்திக்கிட்டு இருந்தேன்."

அந்த வீட்டுக் களத்தைக் காலி செய்ததும் என் ஆராய்ச்சிதான் என்று தெரிந்துகொண்டேன். சார் கோழிக் குழம்பு சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்னார்: "மொதல்லேருந்து பண்ணு. டிசம்பர்ல குடுக்கலாம்."

"சார், ஜூன்ல வேலை."

"ம்."

அது எந்த "ம்" என்று இந்த முறை எனக்குச் சந்தேகமில்லை. வேலை போனது. அப்பா இரண்டு மாதம் பக்கத்து ஊர்க் கோயிலில் பூசை கண்டார்.

மறுபடியும் பவுனாம்பாள் அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த முறை பஸ்ஸைப் போகவிட்டு, படியில் உட்கார்ந்து பேசினேன். ஜாடியைக் கழுவக் கூடாது, மூடக் கூடாது, தொடக் கூடாது.

"அது முடியாது தம்பி" என்றார். "தெருவுல மாடி இருக்குறது எங்க வூடு ஒண்ணுதான். வர்றவன் போறவன் கண்ணெல்லாம் இதுமேலதான். அழுக்குப் பாத்திரத்த மாசக் கணக்குல போட்டு வச்சிருக்கா பவுனாம்பாள்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாது. எங்க மாமியா காலத்துலேருந்து அந்தப் பேச்சு வந்ததில்ல."

"வேற என்னதாங்க்கா பண்றது?"

அவர் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஒரு போர்டு எழுதி வைக்கச் சொல்லு. அழுக்கு யாருதுன்னு ஊருக்குத் தெரிஞ்சுட்டுப் போவுது."

எழுதினேன். அரியலூர்க் கடைத்தெருவில் தகரம் வாங்கி, கறுப்புப் பெயிண்டில், தெருவிலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில். வாசகம் பவுனாம்பாள் அக்கா சொல்லச் சொல்ல எழுதியது: "இந்தப் பாத்திரத்தில் உள்ள அழுக்கு எம்.டெக். மாணவர் சவரிமுத்துவுக்குச் சொந்தம். வீட்டாருக்குச் சம்பந்தம் இல்லை."

ஆறு மாதம் அந்தப் பலகை அங்கே நின்றது. ஜாடியில் தூசி விழுந்தது. கல்லிலிருந்து ஒரு துண்டு உடைத்துக்கொள்ளவும் அக்கா அனுமதித்தார். (ஓரமாக. துணி துவைக்கும் பக்கம் இல்லை.) டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தேன், பட்டம் வந்தது, ஒரு வருடம் கழித்து வேறு வேலையும் வந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஜெயங்கொண்டத்தில் பெண் பார்க்கப் போனோம். காப்பி கொண்டுவந்த பெண், தட்டை நீட்டியபடியே என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். "எங்க சித்தி வூடு அரியலூர்ல அந்த ஆலை மதில் தெருதாங்க" என்றாள் மெதுவாக. "அந்த அழுக்கு நீங்கதானா?"

அப்பா இருமினார். கல்யாணம் நிச்சயமானது.

எங்களுக்கு இரண்டு பெண்கள். நான் சாப்பிட்ட தட்டு, நான் கழற்றிப் போட்ட சட்டை, நான் நடந்த தரை எதுவானாலும் மனைவியும் சேர்ந்து மூன்று பேரும் அந்தப் பலகையைத்தான் ஒப்பிப்பார்கள். போன வாரம் ஆபீஸுக்குக் கிளம்பும்போது, ஒரு மாதமாகத் துடைக்காத என் ஸ்கூட்டரின் சீட்டில், படிந்திருந்த தூசியில் சின்ன மகள் விரலால் எழுதி வைத்திருந்தாள்: வீட்டாருக்குச் சம்பந்தம் இல்லை.

நேரமாகிவிட்டது. அப்படியே அதன் மேல் உட்கார்ந்து போனேன்.