மோர்வெனின் விண்ணப்பமும் மூடிய ஜன்னலும்

லூயிஸ் தீவு,
செவ்வாய்க்கிழமை, மழை.

பேரன்புள்ள எஃபி அக்காவுக்கு,

உன் தம்பி ஃபார்குவர் எழுதுவது. நானும் என் மனைவி ஷீனாவும் மகள் மோர்வெனும் நலம். கிளாஸ்கோவில் உன் முழங்காலும் அத்தானின் காதும் அதே போல் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

உறுதியான செய்தி முதலில். கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துப் பெண்மணி இன்று காலை தொலைபேசியில் சொன்னார்; பழைய பத்திரிகைக்காரன் புத்தி, திருப்பிச் சொல்ல வைத்தும் கேட்டேன். மோர்வெனின் விண்ணப்பம் முழுமையடைந்துவிட்டது. பாக்கியிருந்த டாக்டர் மக்காஸ்கிலின் பரிந்துரைக் கடிதமும் நேற்று அவர்கள் கோப்பில் சேர்ந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. கால்நடைச் செவிலியர் படிப்புக்கும் விலங்கு நடத்தையியலுக்கும் சேர்த்து இரட்டைப் பட்டம். நம் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து வேறு பேச்சு கிடையாது. போன வருஷம் ஒரு முறை நிராகரித்தார்கள். இந்த வருஷமும் இல்லையென்றால் மீன் பண்ணையில் பெட்டி அடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள், சொன்னால் செய்வாள். ஆகவே சனிக்கிழமைக் கப்பலில் வந்து உன் வீட்டில் ஒரு வாரம் தங்குவாள்.

அந்தப் பெண்மணி போனை வைக்கும்முன் இன்னொன்றும் சொன்னார். "நேர்காணல்ல அவங்க பின்னாடி படுத்திருந்துச்சே, அந்த நாயையும் கூட்டிட்டு வரலாம்னு பேராசிரியர் சொல்றாருங்க."

எங்களிடம் நாய் இல்லை. உன் வீட்டுப் படியை நாய் மிதிக்கக் கூடாது என்பதையும் நான் மறக்கவில்லை. வேறு யார் வாயாவது இது உன் காதுக்கு வந்து, நீ கதவைச் சாத்திவிடுவதற்கு முன், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மோர்வென் பயிற்சிக்குப் போவது டாக்டர் மக்காஸ்கிலின் கால்நடை ஆஸ்பத்திரிக்கு என்பது உனக்குத் தெரியும். அங்கே நாய் பூனைகளை வளர்ப்பவரின் குடும்பப் பெயரோடுதான் கூப்பிடுவார்கள், அதனால் போன மாதம் ஈவாண்டர் மார்ட்டின் தன் கிழட்டு மேய்ப்பு நாயைக் கடைசி ஊசிக்குத் தூக்கி வந்தபோது உள்ளே போனது "ஃப்ளாஸ் மார்ட்டின்". அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. பிராணியின் மூச்சு நின்றதும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அது மோர்வென் வேலை. வெளியே மழை படுக்கைவசமாக அடித்தது. ஜன்னல் முன்கூட்டியே திறந்திருந்தது, சாரல் மேசைவரை வந்தது, நாய் நடுங்கியது, இவள் மனசு கேட்காமல் ஜன்னலைச் சாத்தினாள். ஊசி போட்டார்கள். ஈவாண்டர் அழுதார், அவர் அழுது யாரும் பார்த்ததில்லை என்பதால் இவளும் அழுதாள். ஜன்னலை மறந்தே போனாள்.

மறுநாள் காத்திருப்பு அறையில் மோர்வென் நடந்தபோது அங்கிருந்த நாய்களெல்லாம் எழுந்து வழிவிட்டனவாம். அவளுக்கு இல்லை, அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி. அந்த வாரமே எங்கள் வீட்டிலும் நகச்சத்தம் கேட்டது. தரையில் மூன்று கால் சரியாகப் பதிகிறது, இடது பின்னங்கால் இழுபடுகிறது. அடுப்படியில் கேட்கும், மாடிப்படியில் ஏறும், மோர்வென் எங்கே உட்கார்ந்தாலும் அங்கே போய் ஒரு பெருமூச்சோடு நிற்கும். நான் கட்டில் அடியில் பார்த்தேன், தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தேன், எலிக்குப் பொறி வைத்தேன். பொறியில் என் கட்டைவிரல்தான் மாட்டியது. ஷீனா அதற்குள் பழகிவிட்டாள். "சேறு கொண்டுவராத நாய் இந்தத் தீவுலயே இது ஒண்ணுதான், இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு கணினி வழியாக நேர்காணல். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன், வேவு பார்க்க அல்ல, தேநீர் தரலாமென்று. பேராசிரியர் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், திடீரென்று, "பின்னாடி இருக்கிற நாய் எப்படி இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். மோர்வென் திரும்பிப் பார்க்கவே இல்லை. "வயசானவ சார். இடது இடுப்பு மூட்டுல தேய்மானம். மழைச் சத்தம் கேட்டா காதைப் பின்னாடி மடக்கிக்குவா. என்னைவிட்டுத் தள்ளிப்போக மாட்டா" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் வலிக்கு மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டார். "இப்ப அவளுக்கு வலி இல்ல சார்" என்றாள். நல்ல மதிப்பெண்ணாம். இதுவும் அந்தப் பெண்மணி சொன்னதுதான்.

பரிந்துரைக் கடிதம் மட்டும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன். டாக்டர் மக்காஸ்கில் ஒரு கோழியின் வாய்க்குள் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆரம்பிச்ச வேலையை முடிப்பாளான்னு ஒரு கேள்வி இருக்கு கில்லிஸ். நான் என்னன்னு எழுத? முடிக்காத வேலை உங்க வீட்டு மாடிப்படில ஏறி இறங்குதே!"

"டாக்டர், நீங்க விஞ்ஞானம் படிச்சவங்க."

"விஞ்ஞானம் வேற, ஒழுங்கு வேற. அவ கையால அந்த ஜன்னலைத் திறக்கட்டும். அப்புறம் எழுதுறேன்."

மழை விட்ட நாளில் செய்யலாம் என்று மோர்வென் சொன்னாள். அந்த வாரம் மழையில்லாத நாள் ஞாயிறு ஒன்றுதான். ஓய்வுநாள் என்று ஞாயிற்றுக்கிழமை துணிகூட உலர்த்தாத ஊர் இது, நீயும் இங்கே பிறந்தவள்தானே. "ஞாயித்துக்கிழமை அவசரத்துக்கு மட்டும்தான் கதவைத் திறப்பேன். செத்த நாய்க்கு என்ன அவசரம்?" என்று டாக்டர் மறுத்துவிட்டார். கடிதத்துக்கு நேற்றுவரைதான் கெடு, ஆகவே சனிக்கிழமை, கொட்டும் மழையில், நானும் மோர்வெனும் டாக்டரும் அந்த அறையில் நின்றோம். மோர்வென் ஜன்னலைத் திறந்தாள். நகச்சத்தம் மெதுவாக ஜன்னல்வரை போனது. அங்கே நின்றது. தேநீர் ஆறும்வரை வேறு சத்தமே இல்லை. "போயிட்டா" என்றார் டாக்டர். ஜன்னலைச் சாத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, இவள் எடுத்த வேலையை முடிப்பவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அப்போதே கணினியில் கல்லூரிக்கு அனுப்பினார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஆகவே அக்கா, உன்னிடம் வரப்போவது மோர்வெனும் ஒரு பெட்டியும் மட்டுமே. நாய் எதுவும் வராது என்று உறுதி கூறுகிறேன்.

உன் வீட்டு அடுப்பு அணையாமலும் கூரை ஒழுகாமலும் ஆண்டவன் காப்பானாக. அத்தானுக்கு என் வணக்கம். அவர் காதருகே சத்தமாகப் படித்துக் காட்டவும்.

உன் அன்புத் தம்பி,
ஃபார்குவர் கில்லிஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஈவாண்டர் வந்தார். "சனிக்கிழமை மழையிலயா ஜன்னலைத் திறந்தீங்க? ஏம்பா ஃபார்குவர், மழையில அவ ஒண்ணுக்குக்கூட வாசல் தாண்ட மாட்டாளே! என் ஆடெல்லாம் தானா மேய்ஞ்சு தானா வீடு திரும்பக் கத்துக்கிட்டது எதனாலங்கிற?" என்றவர், கூடத்தில் மோர்வென் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்து, "ஏய் கழுதை, அது மேல ஏன் படுத்திருக்க, இறங்கு" என்றார். ஏதோ பெட்டியிலிருந்து தரையில் குதித்தது. மூன்று கால் சரியாக.

டாக்டருக்குப் போன் செய்தேன். எந்த ஜன்னலானாலும் சரி, திறக்கும் கை மோர்வெனுடையதாகவும் வானம் வெளுத்தும் இருக்க வேண்டுமாம். பரிந்துரைக் கடிதம் போய்விட்டதால், திங்கட்கிழமைக்குள் அதை உண்மையாக்குவது எங்கள் பொறுப்பாம். இங்கே சனிவரை மழை. கிளாஸ்கோவில் ஞாயிறு வெயில் என்று வானொலி சொல்கிறது, இன்னும் உறுதியாகவில்லை. உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். உன் முன்னறை ஜன்னலை அவள் திறக்கும்போது தடுக்காதே. மழை பெய்தால் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்பளி போட்டு வை. முடி உதிராது, ஷீனா சாட்சி.

ஃப்ளாஸ் விஷயம் ஞாயிறு மாலை தெரியும். மோர்வெனுக்கு இடம் உண்டா என்பது அதற்கடுத்த வெள்ளி.