துப்பாக்கி மூக்கில் ஒரு பித்தளைத் தம்ளர்

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. செஞ்சி ரோட்டுல பிஷப் கார் திரும்பினதும், ஏரிக்கரையில நின்னு ஒரு வெடி போடணும்.

வெடிச் சத்தம் கேட்டா கோயில் வாசல்ல பேண்டு முழங்கும், மாலை விழும். எங்க ஊர்த் திருவிழாவுக்கு பிஷப் வர்றது அதுதான் முதல் தடவை. "என் மருமவன் கரெக்டா செய்வான்"னு ஊர்க்கூட்டத்துல வாக்கு குடுத்தவர் நாட்டாமையான என் மாமனார்.

சும்மா பத்தவெச்சுட்டு வந்திருக்கலாம். ஆனா அந்த 1960கள்ல எனக்கு அறிவு ஜாஸ்தி!

மிலிட்டரியில இருந்து லீவுல வந்திருந்த மச்சான்தான் ஆரம்பிச்சு வெச்சான். "எங்க கேம்ப்ல துப்பாக்கி மூக்குல கிண்ணம் மாரி ஒண்ண மாட்டி, குண்ட தூரமா வீசறதுக்கு டெஸ்ட் பண்றாங்க மாமா. இன்னும் சரியா வரல."

கடைசி வார்த்தை என் காதுல ஏறவே இல்ல.

மாமனார் பன்னி விரட்டுற நாட்டுத் துப்பாக்கிய எடுத்தேன். மூக்குல பித்தளைத் தம்ளரை வெச்சு சைக்கிள் டியூபால கட்டினேன்.

"இன்னாத்துக்கு என் சீர் தம்ளர எடுத்தீங்க?"ன்னா பொண்டாட்டி.

"நாட்டுக்காக!"

முதல் சோதனை, கத்திரிக்கா. கால்கிட்டயே விழுந்துச்சு. அடுத்தது எலுமிச்சம்பழம். நேரா கோழிக்கூண்டுல போய் விழுந்து, கோழி ரெண்டு நாள் முட்டை போடல. இதையே முன்னேற்றம்னு நெனச்சேன்.

திருவிழா அன்னிக்கு ஏரிக்கரைக்குப் போனேன். பிஷப் வர நேரம் இருந்துச்சு. ஒத்திகை பார்க்காம விடலாமா? இருந்த ஒரே வெடிய பத்தவெச்சு தம்ளர்ல போட்டு, துப்பாக்கி விசைய அழுத்தினேன்.

தம்ளர், டியூப், வெடி எல்லாம் ஒண்ணா பறந்துச்சு! ஏரிக்கு மேல வெடிச்ச சத்தம் பாறையில மோதித் திரும்பி வந்துச்சு. நான் சேத்துல மல்லாந்து கெடந்தேன்.

ஊருக்குள்ள பேண்டு முழங்குச்சு.

அப்பத்தான் உறைச்சுது. அடப்பாவி, அவங்களுக்கு வெடின்னா பிஷப் வந்துட்டார்னு அர்த்தம்!

எழுந்து ஓடினேன். எனக்கு முன்னால வெள்ளை ஜிப்பா போட்டுக்கிட்டு அவலூர்பேட்டை கடலை வியாபாரி பாஷா பாய் சைக்கிள்ல போயிட்டிருந்தார்.

பெரியவங்க முகத்தப் பார்க்காம, தலை குனிஞ்சே மாலை போடுறதுதான் எங்க ஊர் மரியாதை. பாய் கோயில் வாசலுக்கு வந்ததும், மாமனார் குனிஞ்சபடியே அவர் கழுத்துல மாலையப் போட்டார். அப்படியே முட்டி போட்டார். கண்ணு முன்னால சைக்கிள் சக்கரம்!

பாய் உருகிப் போயிட்டார். "கடலைக்கு வெல பேச வந்தவனுக்கு இவ்ளோ மரியாதையா? இனிமே நான் எப்பிடி கொறச்சி கேக்கறது நாட்டாமை?"

மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்ள, பிஷப் எங்க?"

திரும்ப ரோட்டுக்கே ஓடினேன். நெசமாவே கார் வந்துடுச்சு! கையில வெடி இல்ல, துப்பாக்கி மட்டும் இருந்துச்சு. உடம்பெல்லாம் சேறோட நடுரோட்டுல நிக்கிறவனப் பார்த்ததும் டிரைவர் வண்டிய ரிவர்ஸ் எடுத்துட்டார்.

"சாமி, வரவேற்பு சாமி!"ன்னு கத்திக்கிட்டே தொரத்தினேன். கார் இன்னும் வேகமாப் போச்சு.

கடைசியில பாஷா பாய்தான் சைக்கிள்ல தொரத்திப் போய் வெவரம் சொல்லி, கழுத்துல கெடந்த மாலையக் கழட்டி பிஷப்புக்குப் போட்டுக் கூட்டி வந்தார். பிஷப் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சார். மாமனார் சிரிக்கல. அந்த வருஷம் பூரா என்கிட்ட பேசவும் இல்ல.

மச்சான் மட்டும் தோள்ல தட்டினான். "நான்தான் சொன்னேனே மாமா, இன்னும் சரியா வரலன்னு."

அடுத்த திருவிழாவுல என்னை மோர் பந்தல்ல போட்டாங்க. தம்ளரைத் தொடக்கூடாதுங்கிற கண்டிஷன்ல.