கேஸ் டாக்டரின் வீட்டுப் பெயர்

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே ஆபரேஷன் கத்தி பட்டவர்களில் பாதிப் பேரைத் தூங்க வைத்தவர் ஒரே ஆள்தான். அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து டாக்டர். சொந்தப் பெயர் பட்டச் சான்றிதழோடு சரி. ஆவி பிடிக்க வைத்து மயக்குவதால் ஊருக்கு அவர் கேஸ் டாக்டர். எந்த நர்சிங் ஹோமில் ஆபரேஷன் என்றாலும் பழைய ஸ்கூட்டர் வந்து நிற்கும். ஆம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் தியேட்டர் நர்ஸாக இருந்ததால், அவருடைய கூத்துக்கெல்லாம் முன்வரிசை எனக்குத்தான்.

வந்ததும் நோயாளியின் வாயருகே குனிந்து மோப்பம் பிடிப்பார். வெறும் வயிற்றோடு வா என்றால் நம் ஊரில் யார் கேட்கிறார்கள்? தெம்பு வேண்டுமென்று பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து, தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்த தோல் ஷாப் மேஸ்திரி ஒருவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சர்ஜன் குதித்தார். இவர் அசரவில்லை.

"இந்த ஆவி மூளைய மட்டுமா தூங்க வெக்குது? தொண்டைல இருக்கற காவலும் தூங்கிடும். பிரியாணி மேல வந்து நுரையீரல்ல எறங்கிச்சுன்னா பேஜாராய்டும்," என்றார் மேஸ்திரியிடம்.

ஷூ கம்பெனியில் சொல்யூஷன் பசை தடவி ஒட்டும் பெண்கள் வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். முகமூடியை வைத்ததும், எங்க செக்ஷன்ல இதவிட ஜாஸ்தி நாத்தம் சார் என்பார்கள். அவர்களிடம் விலாவாரியாக விளக்குவார். மருந்து ஆவியாகி மூச்சோடு நுரையீரலுக்குப் போகும், ரத்தத்தில் கலக்கும், மூளைக்கு ஏறும். அங்கே நரம்புகளின் பேச்சு அடங்கிப் போகும். வலியும் தெரியாது, நினைவும் நிற்காது. எப்படி அடக்குகிறது என்பது முழுசாக இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பெருமையாக முடிப்பார். கேட்க வேண்டியவள் அதற்குள் குறட்டை விட்டிருப்பாள்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் பழக்கம் ஒன்று உண்டு. மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் என்னை வராந்தாவுக்கு அனுப்பி, நோயாளியை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுவரச் சொல்வார். ஆபரேஷன் முடிந்து ஆவியை நிறுத்தியதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் எழுப்புவார். எதிரே அவர் கார் வந்தால் தொழிலாளிகள் எழுந்து நிற்கும் அளவுக்குப் பெரிய, தோல் பதனிடும் டேனரி முதலாளி ஒருவர். அவருடைய அக்கா கூச்சத்தோடு என் காதில் சொன்ன பெயர் பப்லு. தியேட்டரே அதிர, "பப்லு, எழுந்திரு," என்று கத்தினார் கேஸ் டாக்டர். முதலாளி கண்ணைத் திறக்காமல், இன்னும் கொஞ்ச நேரம்மா என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாமென்று அந்த பாய் பிறகு என்னிடம் கெஞ்சினார். வாணியம்பாடியில் நூறு பப்லு இருப்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அதுதான் மானிட்டர் எல்லாம் காட்டுகிறதே, இந்தக் கூப்பாடு எதற்கு என்று சர்ஜன் ஒருமுறை சலித்துக்கொண்டார்.

"உசுரு இருக்குதான்னு அது சொல்லும் சார். ஆளு வந்துட்டானான்னு கூப்ட்டுத்தான் பாக்கணும்."

அப்படிப்பட்டவருக்குக் குடலில் கட்டி வந்தது. இதயமும் பலவீனம். இந்த ஆவி ரத்த அழுத்தத்தை இறக்கும், தாங்காமலும் போகலாம் என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மன்றாடினோம். அங்கே தன்னை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, எங்கள் தியேட்டரிலேயே வந்து படுத்துக்கொண்டார். மயக்கம் கொடுக்க வேலூரிலிருந்து ஓர் இளம் டாக்டரம்மா வந்தார்.

நான் வழக்கம்போல வராந்தாவுக்குப் போனேன். பெஞ்சு காலியாக இருந்தது. திரும்பி வந்து அவரிடமே கேட்டேன்.

"சார், வெளிய யாரும் இல்லையே. உங்கள வீட்ல இன்னான்னு கூப்டுவாங்க?"

கையசைத்து என்னைக் குனியச் சொன்னார்.

"அவ போனப்பறம் யாரும் கூப்டலம்மா. சிரிக்கக் கூடாது. தூங்குமூஞ்சி."

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் வரை எழமாட்டாராம். இறந்துபோன மனைவி வைத்த பெயர். ஊரையே எழுப்பியவருக்கு இப்படியொரு பெயரா? சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முகமூடி வந்துவிட்டது.

அவர் பயந்தபடியே ரத்த அழுத்தம் இறங்கியது. மருந்து ஏற்றி ஏற்றி ஒருவழியாக ஆபரேஷனை முடித்தார்கள். ஆவியை நிறுத்தியாயிற்று. உள்ளே போனது மூச்சோடு மூச்சாக வெளியே வந்தாக வேண்டும். மற்றவர்கள் கண் விழிக்கும் நேரம் கடந்தும் அவர் அசையவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அத்தனை பேர் நடுவில் அந்த மனிதரை எப்படி அப்படிக் கூப்பிடுவது? பயம்தான் கடைசியில் கூப்பிட வைத்தது.

"தூங்குமூஞ்சி, எழுந்திரு."

மறுபடியும் கூப்பிட்டேன். உதடு அசைந்தது.

"தோ, எழுந்துட்டேன்டி."

கண்ணைத் திறந்தார். குனிந்திருந்த என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனது. பிறகு மரியாதையாக, "சிஸ்டர், குளுருது," என்றார். அந்த மருந்துக்கு உடம்பு சில்லிட்டுப் போகும், எழுந்ததும் நடுங்கும். இருந்த கம்பளியையெல்லாம் அவர்மேல் போர்த்திவிட்டு, மருந்து அறைக்குள் போய் அழுதேன்.

கட்டி திரும்ப வந்தது. இந்த முறை ஆபரேஷன் வேண்டாமென்றுவிட்டார். மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். ஐஸ் பெட்டியைச் சுற்றி அவர் எழுப்பிய ஆட்கள் நின்றார்கள். பப்லு பாய் பெரிய மாலையோடு வந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். கூட்டம் விலகியதும் நான் கண்ணாடியருகே குனிந்து, அந்த வீட்டுப் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. எனக்கு முன்னாலேயே அவர் வீட்டம்மா கூப்பிட்டிருப்பார்.