எங்கள் தெருவின் வெளிச்சமே

மூன்று மணி டீ ஆறுவதற்குள் இன்பசேகரனின் செல்லில் சூரியன் அஸ்தமித்துவிட்டது. வெளியே பழங்காநத்தத்துச் சித்திரை வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. சோலார் ஆப் மட்டும் பொழுது சாய்ந்துவிட்டது என்று சாதித்தது.

மாடிக்கு ஓடினார். எதிர்வீட்டு வாசலில் சவுக்குக் கம்பில் சாரம் கட்டி, அவர் மாடி உயரத்துக்கு ஒரு ப்ளெக்ஸ் போர்டு நின்றது. காதணி விழாவாம். கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக் குழந்தை சிங்கத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தது. அந்தச் சிங்கத்தின் நிழல் மொத்தமும் அவருடைய புதுப் பேனல்களின் மேல் படுத்துக் கிடந்தது.

அந்தப் பேனல்களை வைக்க மனுசன் பட்ட பாடு கொஞ்சமில்லை. கம்பெனி இன்ஜினியர் தெற்கே பார்த்து வைப்பதுதான் முறை என்றார். இன்பசேகரன் விடுவாரா? பசுமலையில் பள்ளிக்கூடக் கிளார்க்காக இருபது வருசம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்து பழகியவர். தெருவைப் பார்த்து, மேற்கேதான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"காசு போட்டு வைக்கிறேன், போறவன் வாறவன் கண்ணுல படணுமா வேணாமா?"

குறிப்பாக, மச்சினன் ஜூடு கண்ணில் பட வேண்டும். ஈஸ்டர் பிரியாணிப் பந்தியில் அத்தனை சொந்தக்காரர்களையும் வைத்துக்கொண்டு, "அத்தான் காசை மாடியில காயப்போட்டிருக்காரு" என்று சிரித்தவன் அவன். இவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார், நாள் பூராவும் கரண்ட் ஓடுவதைக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் பேனலைக் கழற்றி உன் வீட்டுக்கே அனுப்புகிறேன் என்று அந்த இடத்திலேயே சபதம் போட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று மனைவி ஆன்மேரி அன்றிலிருந்து தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் தம்பி லேசில் விடுகிற ஆள் இல்லை. வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்று மாதமாகக் குடியிருப்பவர்கள்தான், ஆனால் ஒரு நாளும் பேசியதில்லை. சண்டைக்கு விசயம் கிடைத்தால்தானே பேசுவார்? முத்துமீனா என்ற அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். இவர் வாயைத் திறக்குமுன் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே."

வந்தவரை வாவென்று கூப்பிடாமல் வாயைப் பொத்தச் சொல்கிறாள் பாருங்கள். இன்பசேகரன் இரண்டு மடங்கு சத்தம் போட்டார். அவள் புருசன் பால்பாண்டி கைலியைக் கட்டிக்கொண்டே எழுந்து வந்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. நிற்க முடியாமல் நிலையில் சாய்ந்து கொட்டாவி விட்டான். விடிந்ததுமே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று இவர் முடிவு கட்டினார்.

"யாரைக் கேட்டுய்யா போர்டு வச்சீங்க? எதுத்த வீட்டுல நான் ஒருத்தன் குடியிருக்கேன்ல?"

பால்பாண்டி பெண்டாட்டியைப் பார்த்தான். தப்புத்தாண்ணே, சரி பண்ணிர்றேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சரி பண்ணித்தான் விட்டான். மதுரையில் ஒருவன் ப்ளெக்ஸைப் பார்த்துக் கோபப்பட்டால், அதில் அவன் படம் இல்லை என்றுதான் அர்த்தம். மறுநாள் போர்டு இன்னும் அகலமாகி, சிங்கத்துக்குப் பக்கத்தில் இன்பசேகரனே கும்பிட்டபடி நின்றார். வாட்ஸப் படத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள். நிழல் இப்போது ஒரு பேனலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. போட்டோ அம்சமாகத்தான் இருக்கிறது என்று ஆன்மேரி சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இந்தத் தடவை நிழல், பேனல், மச்சினன், சபதம் என்று எல்லாவற்றையும் தெருவே கேட்கக் கத்தினார். முத்துமீனா மறுபடியும் உதட்டில் விரலை வைத்தாள். பால்பாண்டி மறுபடியும் செக்கச் சிவந்த கண்ணோடு வந்தான். விசேசம் முடிந்ததும் இறக்கிவிடுகிறோம் என்றான். விசேசம் என்றைக்கு என்று இவர் கேட்டார்.

"இன்னும் தேதி குறிக்கலண்ணே."

"தேதி குறிக்காம எவனாச்சும் போர்டு வைப்பானா?"

இவனிடம் பேசிப் புண்ணியமில்லை என்று இன்பசேகரன் கம்பெனிக்காரர்களை வரவழைத்தார். வேண்டாம் சார், காற்றுக்குத் தாங்காது என்று கெஞ்சியவர்களைத் திட்டி, ஸ்டாண்டை ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி வைத்தார். அன்று சாயங்காலம் வரை ஆப்பில் கரண்ட் ஓடியது. ராத்திரி சிரித்துக்கொண்டே தூங்கினார். இருபது வருசத்தில் அவர் சிரித்துத் தூங்கி ஆன்மேரி பார்த்ததில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் ப்ளெக்ஸும் ஓர் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. உச்சியில் இன்பசேகரனின் முகம், அண்டா அளவுக்கு. கீழே கொட்டை எழுத்தில் 'எங்கள் தெருவின் வெளிச்சமே!' என்று போட்டிருந்தது. அந்த முகத்தின் நிழலில் பேனல்கள் இருண்டு கிடந்தன. வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிறான் குடிகாரப் பயல் என்று மாடியில் நின்றே கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மட்டன் குழம்பு சாப்பிட்டு, ஏப்பம் விட்டபடி ஜூடு மாடியேறினான். செல்லைப் பார்த்தான். எதிரே போர்டைப் பார்த்தான்.

"காதுகுத்து உங்களுக்கா அத்தான்?" என்று கேட்டுவிட்டு, பேனலை ஏற்ற வண்டிக்குப் போன் போட ஆரம்பித்தான்.

அவ்வளவுதான். இன்பசேகரன் விடுவிடுவென்று இறங்கி ஸ்கூட்டரை எடுத்தார். திரும்பி வரும்போது பின்னால் ஒரு வயசாளி உட்கார்ந்திருந்தார். பெயர் சோணைமுத்து ஆசாரி, ஊருக்கெல்லாம் காது குத்துகிறவர். விசேசம் முடிந்தால்தான் போர்டு இறங்கும் என்றால், இன்றைக்கே, இப்போதே முடித்துவிடுவது என்று இன்பசேகரன் முடிவு செய்திருந்தார். ஆசாரியை ஒரு கையிலும் ஜூடை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்தார்.

முத்துமீனா விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். இவர் கண்டுகொள்ளவில்லை.

"பிள்ளையத் தூக்கிட்டு வாம்மா. மாமன் மடிக்கு என் மச்சினன் இருக்கான், குத்துறதுக்கு ஆசாரி இருக்காரு. குத்திட்டுப் போர்டை இறக்கு."

ஜூடு வேறு வழியில்லாமல் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்தார். உள்ளேயிருந்து பால்பாண்டி அதே சிவந்த கண்ணோடு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். புருசனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்துமீனாவே பேசினாள்.

"அண்ணே, இவரு ராத்திரி பஸ் ஓட்டுறவரு. விடிஞ்சு வந்து படுத்தா, தெருவைப் பாத்துத் திருப்பி வச்சிருக்கீகள்ல உங்க பேனல், அதுல பட்ட வெயிலு நேரா இவரு கண்ணுலதான் அடிக்குது. சன்னலைச் சாத்துனா வெக்கை தாங்கல. உங்ககிட்டச் சொல்லலாம்னா, அந்த மனுசன் கத்தியே கொன்னுருவாருன்னு தெருவே பயமுறுத்துச்சு. அதான் மறைப்புக்கு ஒரு போர்டு."

இன்பசேகரனின் விரல் தானாகவே அவர் உதட்டுக்குப் போனது.

ஆசாரிக்கு மட்டும் தன் ஜோலி முடியவில்லை. "அதெல்லாம் சரிம்மா, பிள்ளை எங்க?" என்றார்.

"பிள்ளை ஏதுங்கய்யா, எங்களுக்குக் கல்யாணமாகியே நாலு மாசம்தான ஆகுது."