கண்காட்சியும் முகமில்லாத டி.ஜி.எம்மும்

உலகத்தின் எந்த மூலையில் யார் எந்தக் கோணல் வேலை செய்தாலும், அன்று சாயங்காலத்துக்குள் அது நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்குத் தெரிந்துவிடும். செய்தவரின் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும் என்றுகூடச் சொல்வேன். காரணம், கண்காட்சி என்று நாங்கள் கூப்பிடும் மனிதர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. டைம் ஆபீஸ் கிளார்க் என்ற முறையில் தினமும் அதற்கு எதிரே வருகை போட்டவன் நான். ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டிக்கொடுப்பது அவர் வேலை. ஷிப்ட் முடிந்ததும் பால் பூத்துக்கு வருவார். கையில் பால் பை இருக்காது, போன் இருக்கும்.

"தம்பி, இந்தம்மாவைப் பாருங்க. போர்ச்சுகல்ல இருக்காங்க. மரத்துக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னிப் போடறாங்க."

"மரம் கேட்டுச்சாண்ணே?"

"அதான் கேள்வியே! மரம் ஏன் கேக்கல? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். அதற்குள் பால் தீர்ந்துபோனது.

இன்னொரு நாள், யாராலும் உட்கார முடியாத நாற்காலி ஒன்றைச் செய்த ஜப்பான்காரரைக் காட்டினார். "எங்க ஆபீஸ்லயே அஞ்சு இருக்குண்ணே, பதினெட்டு வருஷமா அதுலதான் உக்காந்திருக்கேன்" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் வந்து என் நாற்காலியை நாலு பக்கமும் படம் எடுத்தார். கீழே படுத்துக்கொண்டும் எடுத்தார்.

"இதை டிசைன் பண்ணது யாரு தம்பி?"

"பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட்."

"டிபார்ட்மெண்ட் எப்படி டிசைன் பண்ணும்? எங்கயோ ஒரு மனுஷன் உக்காந்து இதை யோசிச்சிருப்பாரு. அவர் பேரு என்ன?"

"இதை உக்காந்து யோசிச்சிருக்க முடியாதுண்ணே. நின்னுகிட்டுதான் யோசிச்சிருப்பாரு."

கண்காட்சி சிரிக்கவில்லை. அவரிடம் எதை வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம், பெயர் விஷயத்தை மட்டும் தொடக் கூடாது. பிளாக் வாட்ஸப் குழுவில் யாராவது காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூ படம் போட்டால் போதும். "நல்ல படம். எடுத்தவர் பெயர்?" என்று கீழே வந்து நிற்பார். பதில் வரும்வரை மதியம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை கேட்பார். ஆறு பேர் குழுவை விட்டே போனார்கள். ரோஜாப்பூவும் நின்றுபோனது.

அவர் வீடு தனிக் கதை. எங்கள் பிளாக்கில் எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. புதிதாகக் குடிவந்தவர் பக்கத்து வீட்டுக்குள் போய் லுங்கி மாற்றிக்கொண்ட சம்பவமெல்லாம் உண்டு. கண்காட்சியின் வீட்டில் அந்தக் குழப்பம் கிடையாது. வாசல் கதவில் பழைய லாரி டியூபை வெட்டிச் செய்த, முறம் அளவுக்கு ஒரு காது தொங்கும். இஸ்பெயின்காரர் ஒருவரின் யோசனையாம், அவர் பெயரும் கீழே எழுதியிருந்தது. அழைப்பு மணி கிடையாது. வந்தவர்கள் அந்தக் காதுக்குள் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

"கேஸ்காரன் காதுக்குள்ள கத்தினது கடைசி வீடு வரைக்கும் கேக்குது" என்பார் அவர் மனைவி விஜயா அண்ணி. "உள்ள இருக்கற எனக்குக் கேக்கல. ரெண்டு தடவை சிலிண்டர் திரும்பிப் போயிடுச்சு. இந்த மனுஷனுக்குத்தான் காதே இல்லைன்னா, கதவுக்கு எதுக்குக் காது?"

உள்ளே ஒரு சுவர்க் கடிகாரம். எண்கள் எல்லாம் உதிர்ந்து அடியில் குவிந்து கிடப்பதுபோலச் செய்தது. முள் மட்டும் சுற்றும். ஒருநாள் அதைப் பார்த்தபடி காபி குடித்தேன். நேரம் நிறைய இருப்பதுபோல மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு ஆபீஸ் போய், ஊரார் லேட்டையெல்லாம் குறிக்கிற நான், என் பெயருக்கு எதிரே நானே சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவர் சொந்தமாக ஒரு கலைஞரைக் கண்டுபிடித்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னால்தான்.

கடுமையான வயிற்றுப்போக்கு என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, குள்ளஞ்சாவடியில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் கண்காட்சி. முந்திரித் தோப்பைத் தாண்டி, வேர்க்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லை வந்தது. அதன் நடுவில் எங்கள் சுரங்கத்தின் பெரிய ஆபீசர், டி.ஜி.எம். நின்றுகொண்டிருந்தார்.

சந்தேகமே இல்லை. வெள்ளை ஹெல்மெட். இடது கை இடுப்பில். வலது கை எதையோ காட்டித் திட்டுகிறது. தொப்பை ஆளுக்கு ஒரு அடி முன்னால் நிற்கிறது. எனக்குக் கை தானாக பிரேக்கைப் பிடித்தது.

"வணக்கம் சார்... வயிறு சார்... காலையிலேர்ந்து ஏழு தடவை சார்..."

அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது அவர் வழக்கம் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"டாக்டர்கிட்டதான் சார் போறேன். இந்தப் பக்கம் நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காராம் சார்..."

ஒரு காக்கா வந்து ஹெல்மெட் மேல் உட்கார்ந்தது. அப்போதும் எனக்கு, எவ்வளவு எளிமையான மனுஷன் என்றுதான் தோன்றியது.

கண்காட்சி ஸ்கூட்டரிலிருந்து இறங்கிக் கொல்லைக்குள் போனார். டி.ஜி.எம்மை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து என் காதருகே குனிந்தார்.

"தம்பி, பொம்மை."

"என்னது?"

"கொல்லைப் பொம்மை. மூஞ்சியே இல்ல, வெறும் பானை. ஆனா நீங்க லீவுக்குக் காரணம் சொல்லிட்டீங்க. இதுக்கு மேல ஒரு கலை என்ன பண்ணணும்?"

செய்தவரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். அங்கே கல்யாணப் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். என் வயிறு அன்று உண்மையாகவே கெட்டது, பசியில்.

கடைசியில் ஒல்லியாக ஒருவன் சைக்கிளில் வந்தான். பெயர் ஏழுமலை. எங்கள் சுரங்கத்திலேயே கன்வேயருக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப்போடும் கான்ட்ராக்ட் வேலை.

"மல்லாட்டை போட்டா காக்காவும் மயிலும் வுடமாட்டேங்குதுங்க. பழைய சட்டையில வைக்கோலு திணிச்சி சும்மா கட்டிகினு இருந்தன். ஒரு நாளு அவுரு மாதிரியே வந்துடுச்சிங்க."

"காக்கா பயப்படுதா?" என்று கேட்டேன்.

"அதுங்க எங்க பயப்படுது? எங்க கான்ட்ராக்ட் ஆளுங்கதான் இந்தப் பக்கம் வந்தா பீடியை அணைச்சிட்டுப் போறானுங்க."

பின்னால் இன்னும் ஐந்து பொம்மைகள் இருந்தன. முழக்கம் போடுகிற யூனியன் தலைவர், கரண்டியோடு கேன்டீன் மாஸ்டர் என்று எல்லாம் தெரிந்த ஆட்கள். ஒன்று மட்டும் பெட்டி மேல் உட்கார்ந்து, மோவாயைக் கையில் தாங்கிச் சாய்ந்திருந்தது. அது யார் என்று கேட்டேன்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "அது... சும்மாங்க."

கண்காட்சி அந்தப் பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, தூங்கும்போது நீங்க இவ்வளவு அழகா இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

அன்றே முடிவு செய்துவிட்டார். ரெக்ரியேஷன் கிளப் ஹாலில் ஆறு பொம்மைகளையும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தவேண்டும். ஏழுமலைக்கும் ஆசைதான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"என் பேரு மட்டும் போடாதீங்க சார்."

கண்காட்சிக்கு யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது மாதிரி ஆகிவிட்டது. "பேரு இல்லாம வச்சா அது திருட்டு ஏழுமலை."

"பேரு போட்டா என் கேட் பாஸ் போயிடும் சார். அடுத்த மாசம் புதுப்பிக்கணும். நீ பெரிய ஆபீசரையே பொம்மை கட்டுவியாடான்னு கான்ட்ராக்டரு வெளிய அனுப்பிச்சிடுவாரு. ரெண்டு புள்ளைங்க படிக்குது."

டி.ஜி.எம். பொம்மையை மட்டும் விட்டுவிடலாம் என்று நான் கெஞ்சினேன். அதுதான் உச்சம், அதை விட்டால் மற்றதெல்லாம் வெறும் வைக்கோல் என்று கண்காட்சி மறுத்தார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் எல்லா அட்டையிலும் 'கலைஞர் பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று எழுதினார்.

டி.ஜி.எம்முக்குச் சென்னையில் மீட்டிங் இருக்கும் ஒரு சனிக்கிழமையாக விசாரித்துத்தான் தேதி வைத்தோம். மீட்டிங் ரத்தானது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் ஜீப் வந்து கிளப் வாசலில் நின்றது.

ஹாலில் நல்ல கூட்டம். சிரிப்பு. அவர் உள்ளே வர வர, வரிசையாக பல்பு அணைகிற மாதிரி ஒவ்வொரு முகமாக அணைந்தது. நேராகப் போய் அந்தப் பொம்மைக்கு எதிரே நின்றார். இடது கையை இடுப்பில் வைத்தார். வலது கையை நீட்டிக் காட்டினார்.

"இது யாரு?"

இரண்டு பேரும் ஒரே மாதிரி நிற்கிறார்கள். யார் வாயைத் திறப்பது? நான் எலுமிச்சை ஜூஸ் மேசைக்குப் பின்னால் குனிந்து, கீழே விழாத ஒரு டம்ளரைத் தேடத் தொடங்கினேன்.

"யார் செஞ்சது?"

கதவோரம் ஏழுமலை நின்றிருந்தான். ஜூஸ் தட்டு அவன் கையில் கடகடவென்று ஆடியது. இன்னொரு நிமிஷம் போனால் எல்லாரும் திரும்பிப் பார்த்துவிடுவார்கள்.

"நான்தாங்க செஞ்சேன்" என்றார் கண்காட்சி.

மேசைக்கு அடியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு ரோஜாப்பூ படத்துக்குப் பெயர் கேட்டு ஆறு பேரை விரட்டிய மனுஷன், இன்னொருத்தன் செய்ததைத் தன்னுடையது என்கிறார். அவர் ரிட்டயர் ஆக மூன்று மாதம்தான் இருந்தது. அதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை. ஆனால் அவர் முகத்தில் தெரிந்தது மெமோ பயம் இல்லை. வெட்கம்.

டி.ஜி.எம். அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்குக் காலையில பங்களாவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விஜயா அண்ணி அவருக்குத் திருநீறு பூசி என் ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பினார். பங்களாவில் எங்களுக்காக டி.ஜி.எம்மின் மனைவி காத்திருந்தார்.

"பொம்மையோட போட்டோ பார்த்தேன். ராத்திரியெல்லாம் சிரிச்சேன். தோட்டத்துல ஒரு தக்காளி விடமாட்டேங்குது மயிலு. இவரு நின்னா ஒண்ணும் போகாது, நீங்க செஞ்சது நின்னா போகும். எனக்கு ஒண்ணு கட்டிக் கொடுங்க. இப்பவே."

கண்காட்சிக்குப் பெல்ட் ஒட்டத் தெரியும். வைக்கோல் பொம்மை கட்டத் தெரியாது. "ஹெல்ப்பர் ஒருத்தர் வேணுங்க" என்று சமாளித்து ஏழுமலைக்குப் போன் போட்டார். ஏழுமலை வைக்கோலும் கழியும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். டி.ஜி.எம். காபியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கண்காட்சி கழியை நட்டார். சாய்ந்தது. நட்டார். தக்காளிச் செடி ஒன்று போனது. சட்டையைத் தலைகீழாகக் கழியில் மாட்டினார். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். பிறகு அவனால் தாங்க முடியவில்லை.

"சார், கொஞ்சம் தள்ளுங்க. வைக்கோலுக்கு வலிக்கப்போவுது."

கழியை அவனே வாங்கி நட்டான், கண்காட்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் பொம்மை எழுந்தது. இந்தத் தடவை அது டி.ஜி.எம். இல்லை. முந்தானையை இடுப்பில் செருகி, ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்து, தோட்டத்தில் யாரையோ தேடுகிற அம்மா. மூஞ்சி கிடையாது. டி.ஜி.எம். காபியைக் கீழே வைத்தார்.

"இது நீ என்னைச் சாப்பிடக் கூப்பிடறதுடி" என்றார் மனைவியிடம். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "கண்காட்சி, நீங்க கயித்தைத்தான பிடிச்சுகிட்டு நின்னீங்க?"

கண்காட்சி தலை குனிந்தார். "ஆமாங்க."

"உன் பேரு என்னப்பா?"

ஏழுமலை கண்காட்சியைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "ஏழுமலைங்க. கன்வேயர்ல கான்ட்ராக்ட்டுங்க. அடுத்த மாசம் கேட் பாஸ் புதுப்பிக்கணுங்க" என்றான் அவன்.

"என் தொப்பையை எப்படிப்பா அவ்வளவு கரெக்டா பிடிச்ச?"

"தினம் வந்து எங்க தலைக்கு மேல நிப்பீங்க சார். கீழேர்ந்து பார்த்தா எங்களுக்கு அது மட்டுந்தான் தெரியும்."

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டி.ஜி.எம். தன் தொப்பையை ஒருமுறை குனிந்து பார்த்தார். "கேட் பாஸ் விஷயமா கான்ட்ராக்டர் ஏதாவது பேசினா என்கிட்ட வா. நான் பேசிக்கறேன். இதுக்கு அடியில உன் பேரை எழுதி வை" என்றார்.

எழுத எதுவும் தேடவேண்டியிருக்கவில்லை. கண்காட்சி சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். வேர்வையில் ஓரம் மடங்கியிருந்தது. 'ஏழுமலை, குள்ளஞ்சாவடி' என்று அழகாக எழுதி என்றைக்கோ தயாராக வைத்திருந்திருக்கிறார். ஏழுமலை அதை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்தான். பிறகு தானே பொம்மையின் அடியில் குத்தி வைத்தான்.

திரும்பி வரும்போது கண்காட்சி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் தோளில் இருந்த அவர் கை லேசாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பிளாக் வந்தது. அந்தத் தாளம் நின்றுவிடுமே என்று நான் நிறுத்தவில்லை. டவுன்ஷிப் முகப்பில் இருக்கும் ஆர்ச் கேட் வரை போய்த் திரும்பி, மறுபடியும் பிளாக்கைத் தாண்டி ஓட்டினேன். எங்கே போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை. பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டது. தொட்டால் தொடட்டும் என்று இன்னொரு சுற்றுப் போனேன்.